கொலைஞர் வரவில் வந்த மணப்பெண்

எங்கள் ஊர்க் கூத்தில் ஆள் வருவதற்கு முன்னால் அவனுடைய அடி வந்துவிடும். மத்தளக்காரன் கொஞ்சம் தட்டினால் போதும். மணலில் பாய் விரித்துப் படுத்திருக்கிற மனிசன் கண்ணைத் திறக்காமலே "ராசா வாறான்" என்பான். ராசாவுக்கு ஒரு வரவு, மந்திரிக்கு ஒரு வரவு, வானத்திலிருந்து வருகிற சம்மனசுக்கு ஒரு வரவு. வரவு என்றால் ஆள் உள்ளே வரும்போது பாடுகிற பாட்டும் அதற்கான அடியும். ஒருவனுடைய வரவை இன்னொருவனுக்குக் கொடுக்கக்கூடாது. மந்திரி மாறுவேசம் போட்டுப் பிச்சைக்காரனாக வந்தாலும் மத்தளத்தில் விழுவது மந்திரியின் அடிதான். மேடையில் இருக்கிற ராசாவுக்கு அவனைத் தெரியாது. கீழே இருக்கிற எங்களுக்குத் தெரியும். ராசா செத்த பிறகு ராசாத்தி தனிய இருந்து அழுகிற இடத்தில் ராசாவின் வரவை மெதுவாகத் தட்டுவார்கள். ஆள் வரமாட்டான், அடி மட்டும் வரும். அந்த இடத்தில் அழாத மனிசரை நான் எங்கள் கரையில் காணவில்லை.

அந்தக் கூத்தில் நான் கொலைஞன். புனிதரை வெட்டக் கொண்டுபோகிறவன். எனக்கு நடிக்கத் தெரியாது. சத்தம் வரும், கோபம் வரும், அதற்காகத்தான் அந்த வேசத்தைத் தந்தார்கள். மற்ற எல்லோரும் திரைக்குப் பின்னாலிருந்து மேடைக்கு வருவார்கள். கொலைஞர் அப்படி இல்லை. கடல் பக்கத்திலிருந்து, சனத்துக்குப் பின்னாலிருந்து, சனத்தின் நடுவால் வர வேண்டும். அடி கேட்டதும் சனம் தானாக இரண்டாகப் பிரிந்து நடுவில் வழி விடும். தாய்மார் பிள்ளைகளை இழுத்து மடியில் போடுவார்கள். அந்த வழியால் வாளைச் சுழற்றிக்கொண்டு போவதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன், என் வாழ்க்கையில் வேறெங்கேயும் எனக்கு யாரும் அப்படி வழி விட்டதில்லை.

கரையில் இந்த அடிகளை வைத்துத்தான் ஆட்களைப் பகிடி பண்ணுவார்கள். பாதர் மோட்டார் சைக்கிளில் வந்தால் மீன் பெட்டியில் சம்மனசு வரவைத் தட்டுவார்கள். கிராம சேவகர் வந்தால் மந்திரி வரவு. நான் வலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் கொலைஞர் வரவு. எனக்குக் கோபம் வரும், அவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கொலைஞர் வரவை ஒருவரும் தட்டமாட்டார்கள். குடிபோதையில் இருக்கிறவன்கூடத் தட்டமாட்டான். அந்த அடிக்குப் பின்னால் ஒரு தலை விழும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

என் மகளுக்குக் கல்யாணம் சரிவந்த கதையை நீட்டத் தேவையில்லை. கிளிநொச்சியில் தையல் ஆலையில் வேலை செய்தாள். அங்கே தண்ணீர்ப் பம்பு திருத்துகிற ஒரு பெடியனை விரும்பினாள். பெடியனின் ஆட்கள் கண்டாவளைப் பக்கம் வயல் செய்கிறவர்கள். அவர்களின் பெரியவர்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சைவம், நாங்கள் கத்தோலிக்கம். எங்கள் ஆட்களில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "தோட்டத்துச் சனமாம்" என்று என் காதில் விழுகிற மாதிரிக் கதைத்தார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அந்தச் சனத்தின் வளவில்தான் இவர்கள் கொட்டில் போட்டு, அவர்களின் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தார்கள். அதை நான் சனத்துக்கு நடுவில் சொன்னேன். பிறகு என் காதில் ஒன்றும் விழவில்லை.

என் அக்காவை மட்டும் அப்படி வாயை அடைக்க முடியாது. என் மனிசி, மகளின் தாய், செத்துப்போன பிறகு மகளை வளர்த்தது அக்கா. தலை வாரி, கோயிலில் முதல் நன்மை எடுக்க வெள்ளைச் சட்டை தைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் கிடந்து, எல்லாம் அவர்தான். அக்காவை அவள் மாமி என்பாள்; அவளுக்கு நான் சொல்வது சத்தம், மாமி சொல்வதுதான் சொல். அக்கா நீண்ட நாள் சம்மதம் தரவில்லை. பிறகு ஒரு நாள் கருவாடு காயப்போட்டபடி, "கோயில்லை கல்யாணம் எழுதினா எனக்குச் சம்மதம்" என்றார். பாதர் அனுமதி எடுத்துத் தந்தார். எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெடியனின் ஆட்கள் பஸ் பிடித்து வந்து, எழும்பச் சொன்ன இடத்தில் எழும்பி, முழங்காலில் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

அடுத்த நாள் எங்கள் முறை. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடவேண்டும். மாப்பிள்ளை முதல் நாளே தன் ஆட்களோடு போய்விட்டார். பெண்ணை வாசலில் நின்று ஏற்பது அவர்களின் முறையாம். நாங்கள் ஒரு பஸ் பிடித்தோம். சாரதி ஏறின நேரம் தொடங்கிச் சினிமாப் பாட்டைப் பெரிதாகப் போட்டான். புதுக்குடியிருப்பு தாண்ட முதலே நான் அவனோடு சண்டை பிடித்துப் பாட்டை நிறுத்தினேன். நிறுத்தினதும் பின் சீட்டிலிருந்த எங்கள் பெடியள் தகர வாளியில் தட்டத் தொடங்கினார்கள். ராசா வரவு, மந்திரி வரவு, சம்மனசு வரவு எல்லாம் தட்டினார்கள். என்னுடையதைத் தட்டவில்லை. மகள் யன்னல் கரையில் சிவப்புச் சேலையோடு இருந்து கையால் தாளம் போட்டாள். அக்கா பக்கத்தில் கைப்பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல், ஆனால் பெருவிரலால் கைப்பையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். நான் கண்டேன்.

பரந்தன் வீதியிலிருந்து திரும்பி வாய்க்கால் கரையால் பஸ் போனது. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வயல். தூரத்திலேயே பந்தல் தெரிந்தது. வாழை கட்டி, கதிரை போட்டு, சனம் நிறைந்து நின்றது. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வைக்கோல் கொளுத்தி, நாலைந்து பேர் தப்பு மேளங்களுக்குச் சூடு காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் மாப்பிள்ளையின் தகப்பன், என் சம்பந்தி. மெலிந்த மனிசன். பட்டு வேட்டிக்கு மேலே சால்வையை இறுக்கிக் கட்டி, தப்பை இடது தோளில் சாத்தி வைத்திருந்தார். எங்கள் பஸ்ஸில் இரண்டொரு பேர் தப்பைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தப்பு என்றால் செத்த வீட்டுக்குத்தான் என்று நினைக்கிற மூளை அவ்வளவுதான். எனக்கு அது பிரச்சினை இல்லை. மகன் கல்யாணத்துக்குத் தகப்பனே அடிக்க நிற்கிறான், இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று நினைத்தேன்.

நாங்கள் இறங்கினோம். கடைசியாக மகள் இறங்கப் படியில் கால் வைத்தாள். சம்பந்தி குச்சியைத் தூக்கினார். அடி விழுந்தது.

கொலைஞர் வரவு.

அதே அடி. மத்தளத்தில் இல்லை, தப்பில். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் அதேதான். எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? இரண்டாகப் பிரிந்து நடுவில் வழி விட்டது. பழக்கம். தாய்மார் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள். எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார்கள், கொலைஞர் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று. பின்பக்கத்தில் பஸ் படியில் என் மகள் பூமாலையோடு நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் இதைப் பார்த்து மிகவும் சந்தோசப்பட்டார்கள். பெண்ணுக்கு எவ்வளவு ஒழுங்காக வழி விடுகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். வீடியோக்காரன் ஓடி வந்து அந்த வழிக்கு நடுவில் குந்தி, மகளைச் சிரிக்கச் சொன்னான். மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

அக்கா போய் அவளின் கையைப் பிடித்துப் படியில் மறித்தார்.

"இறங்காதை" என்றார். "தம்பி, போய்ச் சொல்லு. உந்த அடியிலை என்ரை பிள்ளை கால் வைக்கமாட்டாள்."

நான் சம்பந்தியிடம் போய், அடியை நிறுத்தும்படியோ வேறு அடிக்கு மாறும்படியோ கேட்டேன். அவர் குச்சியை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

"நிப்பாட்ட முடியாதுங்க சம்பந்தி. இது கல்யாண அடி. பொண்ணு வண்டிய விட்டு எறங்கையில எடுத்தா, வாசல்ல வந்து நின்னாத்தான் விடணும். நடுவுல விட்டா கல்யாணத்தையே நடுவுல விட்ட மாதிரி."

"எங்கடை ஊரிலை இது வெட்டக் கொண்டுபோற அடி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பகிடி விடுகிறேனா என்று. நான் பகிடி விடுகிற ஆள் இல்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். குச்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அக்காவிடம் திரும்பி வந்து சொன்னேன். அக்கா அசையவில்லை. அப்படியென்றால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போவோம், இன்னொரு நாளைக்கு அவர்கள் அடியில்லாமல் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். சாரதி உடனே போய்த் தன் சீட்டில் ஏறினான். அவனுக்கு என்னில் இருந்த கோபம்.

இங்கே பாருங்கள் நிலைமையை. அங்கே அடி நின்றால் கல்யாணம் குழம்பும். இங்கே அடி நிற்காவிட்டால் பெண் இறங்கமாட்டாள். தப்படிக்கிறவர்களுக்கு வேர்த்து ஊற்றியது. ஒரு தப்பு சூடு தணிந்து தொங்கின சத்தம் போட்டது. அதை ஒருவன் நெருப்புக்கு ஓடிக் காட்டிக்கொண்டு வர, மற்றவர்கள் விடாமல் அடித்தார்கள். மாப்பிள்ளை வாசலில் மாலையோடு நின்று, தகப்பனையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற தாய் தட்டைக் கை மாற்றிப் பிடித்தார். என் மகள் வெயிலில் படியில் நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் யாரையாவது அடித்திருப்பேன், யாரை என்று எனக்கே தெரியாது.

அந்த அடியைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. மீள்குடியேறி வந்து முதல் முதல் கூத்துப் போட்டபோது எங்களுக்கு மத்தளம் இருந்தது, அடிக்க ஆள் இல்லை. எங்கள் மத்தளக்காரன் திரும்பி வரவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு எல்லா வரவும் தெரியும், கொலைஞர் வரவு மட்டும் வாயில் வரவில்லை, அக்காவுக்கும் அது மறந்துபோயிருந்தது. அந்த நேரம் வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு கட்ட வந்திருந்த ஒரு மேசன், மலையகத்து ஆள், பின்னேரத்தில் வந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு இருப்பான். அவன்தான் மத்தளத்தை மடியில் இழுத்து வைத்து, "வெட்டுறதுக்குத்தானே? எங்ககிட்ட ஒரு அடி இருக்கு" என்று அடித்துக் காட்டினான். அண்ணாவியாருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் கால் தானாக எழும்பியது. அன்று தொடக்கம் அதுதான் எங்கள் கொலைஞர் வரவு. இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து கேட்கிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் போர்த்துக்கேயர் காலத்து அடி என்று சொல்லுகிறார்கள்.

இதை அக்காவுக்குச் சொன்னேன். "அக்கா, உது எங்கடை பரம்பரை அடி இல்லை. வீடு கட்ட வந்த மேசன் தந்தது. அது உவையின்ரை, மாப்பிள்ளை ஆக்களின்ரை அடிதான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது.

"தந்தது ஆரெண்டு எனக்கும் தெரியும். அந்த மேசனுக்குச் சோறு போட்டது நான்" என்றார். "தந்தவன் தந்திட்டுப் போயிட்டான். அதுக்குப் பிறகு வருசா வருசம் அந்த அடியிலைதானே எங்கடை புனிதர் செத்தவர்? நான் முன்னுக்கு இருந்து அழுதனான். இண்டைக்கு அதே அடியிலை இவளைக் கூட்டிக்கொண்டு போ எண்டால் என்ரை கால் கேக்குமோ?"

அவர் சொன்னது சரி. அடி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை, அந்த அடியைக் கேட்டு என்ன நடக்கக் கண்டோம் என்பது வேறு கதை. இரண்டாவதுதான் நெஞ்சில் இருக்கும். படித்தவர்கள் முதல் கதையைத்தான் தேடித் திரிகிறார்கள்.

பிறகு நான் சட்டையைக் கழற்றினேன்.

யோசித்துச் செய்ததாகச் சொல்லமாட்டேன். அடி போய்க்கொண்டே இருந்தது, என் கால் அதற்குள் நிற்கப் பொறுக்கவில்லை. என் மூளையில் இருந்தது இவ்வளவுதான்: கொலைஞர் வரவு கொலைஞனுக்குரியது. கொலைஞன் அதை எடுத்துக்கொண்டால் அது மகளின் மேல் விழாது. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினேன். வாள் இல்லை. பஸ் கூட்டுகிற தும்புத்தடி ஒன்று கதவோரம் கிடந்தது, அதை எடுத்தேன். சனம் திறந்து வைத்த வழியில் காலைத் தூக்கி அடித்து இறங்கினேன். எங்கள் ஆட்களுக்கு மூச்சு வந்தது. ஆள் வந்துவிட்டான், அடிக்குச் சொந்தக்காரன். மடியில் ஒளிந்த பிள்ளைகள் தலையை நீட்டினார்கள். வீடியோக்காரன் வழியை விட்டு வயலுக்குள் விழுந்தான்.

சம்பந்தி நல்ல அடிகாரன். என் காலைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். நல்ல அடிகாரன் ஆடுகிறவனின் காலைத்தான் பார்ப்பான், முகத்தை அல்ல. ஆனால் நான் பழகின வேகம் அதைவிடக் கூடியது. நான் வேகத்தை இழுக்க அவர் பின்னால் பிடித்தார். நான் இன்னும் இழுத்தேன், அவர் முகம் கறுத்தது. தலையை ஆட்டி, கண்ணால் வேண்டாம் என்றார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து நான் காலைக் குறைத்தேன். மெதுவாகக் கொலைஞன் ஆடி நான் பழகவில்லை. மெதுவாக ஆடினால் கொலைஞனும் தேர் இழுக்கிறவன் மாதிரி இருக்கிறான்.

பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் மகளின் கையை விடவில்லை.

"நீ போறாய், சரி" என்று கத்தினார். "கொலைஞனுக்குப் பின்னாலை வாறது ஆர்? புனிதர். பின்னாலை அனுப்பமாட்டன்."

அதுவும் சரி. எனக்கு விசர்க் கோபம் வந்தது. இந்த மனிசி ஏன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார் என்று.

எங்கள் கூத்தில் கொலைஞர் இரண்டு பேர். வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன், ஒருவனின் கால் போகிற இடத்துக்கு மற்றவனின் கால் வரும். இடப்பக்கம் ஆடினவன் இத்தாலிக்குப் போய்விட்டான். அதன் பிறகு சரியான ஆள் கிடைக்காமல் நான் தனிய ஆடுகிறேன். வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்க்கிற நாளில் இடப்பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று மகளைக் கூப்பிடுவேன். பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து ஆடுவாள். பொம்பிளைப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று அக்கா குசினிக்குள் அடுப்படியில் இருந்து ஏசுவார். அவள் ஆடிவிட்டுப் போய்ப் படிப்பாள்.

மகள் மாமியின் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்தாள். இழுத்துப் பறிக்கவில்லை, மெல்ல எடுத்தாள்.

"பின்னாலை போகேல்லை மாமி" என்றாள். "பக்கத்திலை போறன்."

படியால் இறங்கி, செருப்பைக் கழற்றி விட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் இடப்பக்கம் வந்து நின்றாள். ஒரு தாளத்தைப் பார்த்துப் போக விட்டாள். அடுத்த தாளத்தில் கால் போட்டாள்.

நான் என் வாழ்நாளில் எத்தனையோ தரம் அந்த வரவை ஆடியிருக்கிறேன். அன்றைக்கு ஆடினது போல் ஒரு நாளும் ஆடவில்லை. சிவப்புச் சேலை, பூமாலை, கையில் மருதாணி, தலையில் பூ, காலில் கொலைஞன். அவள் ஒரு பிழை விடவில்லை. நான்தான் ஒரு இடத்தில் அவளைப் பார்த்துக்கொண்டு காலை மாற்றி வைத்தேன். அவள் ஆடிக்கொண்டே, "அப்பா, வலது" என்றாள். எங்கள் சனம் இரண்டு பக்கமும் நின்று தாளம் போட்டது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு அவர்களின் பெண்கள் சிரிக்கத் தொடங்கி, கை தட்டத் தொடங்கினார்கள். புது மருமகள் ஆடிக்கொண்டு வீட்டுக்கு வருவதை அவர்கள் கண்டதில்லை. மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே கால் மாற்றிப் பார்த்தார். சரிவரவில்லை. நல்ல பெடியன், ஆனால் காலில் தாளம் இல்லை. பம்பு திருத்துவதற்கு அது தேவையில்லை.

வாசலில் போய் இருவரும் ஒன்றாகக் காலை ஊன்றி நின்றோம். சம்பந்தி கடைசி அடியை ஓங்கி அடித்து நிறுத்தினார். தாய் ஆரத்தி எடுத்து மகளின் நெற்றியில் பொட்டு வைத்தார். மகள் உள்ளே போனாள்.

நான் பந்தல் காலில் சாய்ந்து இளைத்துக்கொண்டு நிற்க, சம்பந்தி வந்து பக்கத்தில் குந்தினார். அவரும் இளைத்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் வேகம் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

மாசி மாதத்தில் தங்கள் ஆட்கள் கம்பம் நட்டு ஒரு கூத்து ஆடுவார்கள் என்று சொன்னார். அதில் ஒரு தெய்வத்துக்குக் கல்யாணம் நடக்கும். பிறகு அதே தெய்வத்தை இன்னொரு தெய்வம் எரித்துவிடும். கல்யாணத்துக்கு இந்த அடியை மெதுவாக அடிப்பார்கள், எரிக்கிற இடத்தில் வேகமாக அடிப்பார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே அடியோ?" என்றேன்.

"ஒரே ஆளுதானங்க" என்றார். "கல்யாணம் கட்டுனவன்தான் எரியிறான். அடிய மாத்துனா ஆளையே மாத்துன மாதிரி ஆயிரும். நீங்க வேகத்த இழுக்க இழுக்க எனக்கு அடிவயித்துல நெருப்பு. சம்பந்தி கல்யாணத்த விட்டுட்டு எரிக்கப் போறாரேன்னு."

அப்போதுதான் எனக்கு அந்த மேசன் விளங்கினான். வெட்டுகிற இடத்துக்கு அடி கேட்டோம், அவன் எரிக்கிற இடத்து அடியைத் தந்தான். அதன் முன் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டான். நாங்களும் கேட்கவில்லை. கல்யாண வீடு தெரியாமல் எரிகிற வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இத்தனை வருசம் ஆடியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்திக்கும் வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க முடியாமல் சிரித்தோம்.

சிரித்து முடித்துப் பார்த்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் பந்தலுக்குள் வந்துவிட்டார்கள். அக்கா வரவில்லை. பஸ் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு தனிய நின்றார். மகள் உள்ளிருந்து வாசலுக்கு வந்து, மாமி வராமல் சோறு தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு நின்றாள். மாப்பிள்ளையின் தாய் போய்க் கூப்பிட்டார். அக்கா மரியாதையாகச் சிரித்தார், நகரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"நீங்கள் எல்லாரும் அடியோடை உள்ளுக்குப் போனியள்" என்றார். "பிள்ளையை வளர்த்தவள் நான் சும்மா நடந்து வாறதோ?"

நான் திட்ட வாயெடுத்தேன். சம்பந்தி என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். தப்பைத் திரும்பத் தோளில் சாத்தியிருந்தார்.

"அக்காவுக்கு எந்த அடி வேணும்னு சொல்லுங்க" என்றார். "தெரியாட்டிப் பாடிக் காட்டுங்க, அடிக்கிறோம்."

எங்கள் கரையில் பெண்கள் கூத்தாடுவதில்லை. ஆனால் முன்வரிசைப் பாயில் இருந்து எல்லா வரவையும் வாய்க்குள் பாடுவது அவர்கள்தான். அண்ணாவியார் ஒரு அடி மறந்தால் அக்காவின் வாயைத்தான் பார்ப்பார்.

"ராசா வரவு" என்றார்.

"அக்கா, அது நீளம். சோறு ஆறுது" என்றேன். உண்மையாகவே எனக்குப் பசி. என்னை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

அக்கா குடையை மடக்கி, அதன் காம்பைத் தட்டித் தாளம் போட்டு, "தன்னான தானான" என்று பாடத் தொடங்கினார். மெல்லிய குரல், ஆனால் தாளம் கல்லு மாதிரி. சம்பந்தி கண்ணை மூடிக் கேட்டார். முதல் சுற்றில் குச்சியால் வெறுமனே தொட்டுப் பார்த்தார். அடுத்த சுற்றில் அடியைப் பிடித்தார். அதற்கடுத்த சுற்றில் மற்றத் தப்புகளும் வந்து சேர்ந்தன. மத்தளத்தில் கேட்டுப் பழகின ராசா வரவை முதல் தரம் தப்பில் கேட்டேன். எங்கள் ராசா இவ்வளவு பெரிய ராசா என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா நடந்தார். ஆடவில்லை, ராசா ஆடமாட்டான், நடப்பான். மடக்கின குடையைச் செங்கோல் போல நெஞ்சுக்கு நேரே பிடித்து, கைப்பை மறுகையில் ஆட, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். பந்தலில் இருந்த எங்கள் ஆட்கள் எழும்பி நின்றார்கள், ராசா வரும்போது எழும்புவது முறை. அவர்கள் எழும்ப, விசயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் எழும்பி நின்றார்கள். ராசா கொலுவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். அக்கா பந்தலைச் சுற்றி வந்தார். மாப்பிள்ளையின் தாய் ஆரத்தித் தட்டோடு பின்னாலேயே ஓடினார், எங்கே நிறுத்தி எடுப்பது என்று தெரியாமல்.

சுற்றி முடித்து, மணமக்களுக்குப் பக்கத்தில் போட்டிருந்த கதிரையில் அக்கா இருந்தார். தப்பு நின்றது. கதிரையில் இருந்த ராசா முதலில் மந்திரியிடம் ஒரு கேள்வி கேட்பான். எந்தக் கூத்திலும் அதுதான் முதல் கேள்வி. அக்கா சம்பந்தியைப் பார்த்து, குரலைத் தடிப்பாக்கிக் கேட்டார்.

"மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?"

சம்பந்திக்கு அது கூத்துக் கேள்வி என்று விளங்கியதோ இல்லையோ தெரியாது. அவர் வயல்காரன். மழையைப் பற்றிக் கேட்டால் வயல்காரன் உண்மையைத்தான் சொல்லுவான்.

"மூணு எங்கங்க அக்கா" என்றார். "அறுப்பு நேரம் பாத்து விடாம ஊத்தி, களத்துல கெடந்த நெல்லெல்லாம் மொளைச்சிருச்சு."

பந்தல் முழுக்கச் சிரித்தது. மகள் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து சிரித்தாள். ராசா சிரிக்கக்கூடாது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடையைப் பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார்.

"மிஞ்சின நெல்லைக் குத்திக் காய்ச்சியிருக்கினமோ எண்டு கேள்" என்றார். "காய்ச்சியிருந்தால் போடச் சொல்லு. பிள்ளை பசியோடை இருக்கிறாள்."